பாராகார்டில் பிரேஸ்லெட்டும் வாட்ச் பட்டையும்: முதன்முறை பின்னுபவர்களுக்கு

முதல் பிரேஸ்லெட்டை ஒரே நிறக் கயிற்றில் பின்னாதீர்கள். இரண்டு நிறம் எடுங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று பளிச்சென்று வேறுபடும் நிறங்களாக: மஞ்சளும் கறுப்பும், வெள்ளையும் நீலமும். புதிதாகக் கற்க வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம், இந்தப் பின்னலில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் நடக்கின்றன: அடுத்த முடிச்சை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது மறந்துபோகிறது. ஒரே நிறக் கயிற்றில் அது கண்ணுக்குத் தெரியாது. பத்து முடிச்சு தள்ளிப் பார்த்தால் பட்டை முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு நிறம் இருந்தால், தவறு நடந்த முடிச்சிலேயே நிறம் இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒயர் கூடை பின்னிப் பழகியவர்களுக்கு இது மிக எளிதாக வரும். நெல்லிக்காய்க் கூடையும் சிவன்கண் கூடையும் போட்ட விரல்களுக்கு, கயிற்றை ஒரே சீராக இழுக்கும் பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்களுக்கு அது முதல் பட்டை முடிவதற்குள் வந்துவிடும்.

கயிறு

பாராகார்டு என்பது பாராசூட் கயிறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் பாராசூட்டுகளில் துணியையும் ஆளையும் இணைத்த நைலான் கயிறு இது. தரையிறங்கிய பிறகு வீரர்கள் அதை வெட்டி எடுத்துப் பொருள் கட்டுவதற்கும் கூடாரம் கட்டுவதற்கும் பயன்படுத்தினார்கள். அந்தப் பழக்கம்தான் ராணுவத்துக்கு வெளியே பரவியது. 1997 பிப்ரவரியில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பழுது பார்க்கப் போன விண்வெளி வீரர்களின் கையிலும் இந்தக் கயிறு இருந்தது.

கடைகளில் '550' என்று போட்டு விற்பார்கள். 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவிசை வரை தாங்கும் என்பது அதன் பொருள். தடிமன் ஏறக்குறைய 4 மி.மீ. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே பின்னிய உறை ஒன்றும், உள்ளே தனித்தனியாக ஏழு இழைகளும் தெரியும். அமெரிக்க ராணுவத் தரத்தில் செய்த கயிறானால் அந்த உள்ளிழை ஒவ்வொன்றும் மூன்று புரி சேர்த்து முறுக்கியதாக இருக்கும். கடைக்கு வரும் சாதாரணக் கயிறு பெரும்பாலும் இரண்டு புரிதான். பிரேஸ்லெட்டுக்கு அதுவே தாராளம்.

கவனிக்க வேண்டியது வேறு. பாராகார்டு என்ற பெயரிலேயே பாலிப்ரொப்பிலீன் கயிறும் விற்பனைக்கு வருகிறது. அது வழுக்கும், முடிச்சு நெகிழும், முனையை உருக்கினால் சட்டென்று சுருங்கி இறுகிக் கட்டியாகும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சிறு துண்டை வெட்டி, தண்ணீரில் முக்கி, காற்று வெளியேறும்படி விரலால் நன்றாகப் பிழிந்துவிட்டு விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். பின்னுவதற்கு இவை இரண்டுமே நல்லவை. நைலான் கொஞ்சம் இழுபடும், கையில் மென்மையாக இருக்கும். பாலியெஸ்டர் இழுபடாது, தண்ணீரும் குறைவாகவே குடிக்கும்.

நைலான் வாங்கியிருந்தால் பின்னுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கயிற்றை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நிழலில் முழுக்க உலரவிடுங்கள். சில கயிறுகள் முதல் நனைவில் கண்ணுக்குத் தெரியுமளவு சுருங்கும். அந்தச் சுருக்கம் கயிறாக இருக்கும்போதே வந்துவிட்டுப் போகட்டும். கையில் கட்டிய பிறகு முதல் மழையில் வந்தால் பட்டை மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கும்.

மற்ற சாமான்கள்

நல்ல கத்தரிக்கோல், லைட்டர், இன்ச் டேப், ஒரு கோணி ஊசி. கோணி ஊசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைசி இரண்டு முடிச்சுகளில் விரல் நுழைய இடமிருக்காது. அங்கே அந்த ஊசிதான் கைகொடுக்கும். ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூனும் பக்கத்தில் இருக்கட்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பூட்டுவதற்கு, பள்ளிப் பைகளில் இருக்குமே, இரு பக்கமும் அழுத்தினால் விடுபடும் பிளாஸ்டிக் கிளிப், அது வேண்டும். பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 4 மி.மீ. கயிற்றுக்கு 15 அல்லது 16 மி.மீ. அகலமுள்ள கிளிப் சரியாகப் பொருந்தும். தட்டையான கிளிப்பைவிட, மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைந்த கிளிப் உறுத்தாமல் இருக்கும்.

பின்னும்போது இரு முனையும் விறைப்பாக நிற்க வேண்டும். ஓர் அடிப் பலகை ஒன்றில் இரண்டு ஆணி அடித்தால் போதும், வேறு கருவி தேவையில்லை. பலகை இல்லையென்றால், மேல்முனைக் கிளிப்பை நூலால் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

அளவு

மணிக்கட்டில் வாட்ச் உட்காரும் இடத்தில் இன்ச் டேப்பைத் தொட்டும் தொடாமல் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது. பகல் முழுக்க வேலை செய்த கை கொஞ்சம் உப்பியிருக்கும். வந்த அளவோடு 2.5 செ.மீ. கூட்டுங்கள். 17 செ.மீ. மணிக்கட்டுக்கு 19.5 செ.மீ. பட்டை.

இந்த 2.5 செ.மீ. தளர்வுக்காகச் சேர்ப்பதில்லை. பின்னிய பட்டையின் தடிமன் ஏறக்குறைய 8 மி.மீ. வரும். அதை வளையமாக வளைக்கும்போது உள்பக்கச் சுற்றளவு தடிமனைப் போல 3.14 மடங்கு குறைகிறது, அதாவது சரியாக 2.5 செ.மீ. அதனால்தான் மணிக்கட்டு அளவுக்கே பின்னியவர்களின் பிரேஸ்லெட் எப்போதும் பூட்ட முடியாமல் நிற்கிறது. தளர்வாகப் போட விரும்பினால் இன்னும் அரை செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கயிற்றுக்குக் கணக்கு: 1 செ.மீ. பட்டைக்கு 12 செ.மீ. கயிறு. அடிக்கணக்கில் சொல்வதென்றால் ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி. 20 செ.மீ. பட்டைக்கு 240 செ.மீ. ஆகிறது. முடிச்சை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இறுக்கத்தில் போடுவார்கள், கடைசியில் பிடித்து இழுக்கக் கையளவு முனையும் வேண்டும். ஆகவே 3 மீட்டராக எடுங்கள். இரண்டு நிறம் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர். மிஞ்சினால் சாவிக் கொத்துக்கு ஆகும். குறைந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான், நடுவில் ஒட்டுப் போட வழியில்லை.

இரண்டு நிறத்தை இணைத்தல்

ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முனையை எடுத்து, உறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, வெளியே தெரியும் உள்ளிழைகளை அரை செ.மீ. அளவுக்கு வெட்டிவிடுங்கள். உறையை மறுபடி முன்னுக்கு இழுத்தால் முனையில் வெறும் உறை மட்டும் இருக்கும். இப்படிச் செய்தால் இணைப்பு மொத்தையாகத் திரளாது.

இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து லைட்டர் சுடரின் அடிப்பக்கத்தில், நீல நிறம் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் காட்டுங்கள். மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படியும். வெளிர்நிறக் கயிற்றில் அந்தக் கறை போகவே போகாது. ஓரிரு நொடியில் இழை நுனிகள் பின்வாங்கிச் சுருங்கும், பிறகு பளபளவென்று ஈரம் பட்டதுபோல் மின்னும். அதுதான் பதம். குமிழி விட்டுப் புகையத் தொடங்கினால் பதம் தாண்டிவிட்டது, வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். மின்னும் நொடியில் நெருப்பை விலக்கி, இரு முனைகளையும் நேருக்கு நேர் அழுத்தி, இறுகும்வரை அசையாமல் பிடியுங்கள். சூடு ஆறுவதற்குள் அந்த இடத்தை ஸ்பூனின் முதுகால் பலகையில் வைத்து உருட்டினால் மழமழவென்று வரும்.

விரலால் மட்டும் தொடாதீர்கள். உருகிய நைலான் 200 டிகிரிக்கு மேல் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. தவறிப் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்க முயலாமல் குழாய்த் தண்ணீரில் நீண்ட நேரம் காட்டுங்கள். பிள்ளைகள் பின்னட்டும், லைட்டர் வேலை பெரியவர் கையில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

நெருப்பே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: ஒரு கயிற்றின் முனையில் 2 செ.மீ. நீளத்துக்கு உள்ளிழையை நீக்கி, அந்த வெற்று உறைக்குள் மற்றக் கயிற்றின் முனையைச் செருகி, ஊசி நூலால் குறுக்கும் நெடுக்கும் நாலைந்து தையல் போடுங்கள். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் ஒட்டிய இணைப்பைவிட இது உறுதியானது.

கிளிப்பில் ஏற்றுதல்

இணைப்பு இருக்கும் இடத்தில் கயிற்றை மடியுங்கள். மடிந்த வளைவைக் கிளிப்பின் பெண்பகுதியில், அதாவது குழிவான பகுதியில் இருக்கும் கம்பி போன்ற பட்டைக்குக் கீழே நுழைத்து மேலே எடுங்கள். மஞ்சள், கறுப்பு இரண்டின் நீள முனைகளையும் அந்த வளைவுக்குள் விட்டு இழுத்தால் கயிறு பட்டையைச் சுற்றி இறுகிக்கொள்ளும். இணைப்பு அந்த மடிப்புக்குள் மறைந்துவிட வேண்டும். வெளியே தெரிந்தால் கயிற்றை ஓட்டிச் சரிசெய்யுங்கள்.

இப்போது இரண்டு நீள முனைகளையும் கிளிப்பின் ஆண்பகுதிப் பட்டை வழியாக மேலிருந்து கீழே விட்டு, மறுபடி உங்கள் பக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள். இரு கிளிப் பகுதிகளுக்கும் நடுவே ஓடும் இரண்டு கயிறுகள் இனி அசையப் போவதில்லை. அவற்றைத் தாங்குகயிறு என்போம். ஆண்பகுதியிலிருந்து இரு பக்கமும் தொங்கும் நீள முனைகள்தாம் பின்னுகயிறுகள்.

அளவை இங்கேதான் முடிவு செய்கிறோம். பெண்பகுதியின் வெளிநுனியிலிருந்து ஆண்பகுதியின் தோள் வரை அளந்து 19.5 செ.மீ. (அல்லது உங்கள் கணக்கு) வரும்படி வையுங்கள். ஆண்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களைச் சேர்க்கக் கூடாது, பூட்டும்போது அவை உள்ளே போய்விடும். அளந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்: வளைந்த கிளிப்பானால் இரண்டு பகுதிகளின் வளைவும் ஒரே பக்கம் பார்க்கிறதா, தாங்குகயிறுகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்காமல் இணையாக ஓடுகின்றனவா? பின்னி முடித்த பிறகு இந்த இரண்டையும் திருத்த முடியாது.

முடிச்சு

இதற்குக் கோப்ரா பின்னல் என்று பெயர். மாக்ரமே என்ற முடிச்சுக் கைவேலை செய்பவர்கள் சதுர முடிச்சு என்று சொல்வதும் இதையேதான். கிளிப்பின் ஆண்பகுதி மேலே, பெண்பகுதி கீழே இருக்கும்படி முன்னால் வையுங்கள். மஞ்சள் இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம்.

1. மஞ்சளை இடமிருந்து வலமாகத் தாங்குகயிறுகளின் மேலாகக் குறுக்கே போடுங்கள். இடப்பக்கம் ஒரு கண்ணி நிற்கட்டும்.
2. கறுப்பை, வலப்பக்கம் வந்து கிடக்கும் மஞ்சளின் முனைமேல் போட்டு, அங்கிருந்து தாங்குகயிறுகளுக்குப் பின்னால் இடப்பக்கம் கொண்டு போங்கள்.
3. அங்கே நிற்கும் மஞ்சள் கண்ணிக்குள், பின்னாலிருந்து முன்னால் கறுப்பை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்து, முடிச்சைக் கிளிப்பை ஒட்டி மேலே தள்ளுங்கள்.

இப்போது மஞ்சள் வலப்பக்கம் வந்துவிட்டது, கறுப்பு இடப்பக்கம் போய்விட்டது. அடுத்த முடிச்சு கண்ணாடியில் பார்ப்பது போல் எதிர்ப்பக்கமாக நடக்கும். மஞ்சள் வலமிருந்து இடமாகத் தாங்குகயிறுகளின் மேலே குறுக்கே போகும், வலப்பக்கம் கண்ணி நிற்கும். கறுப்பு மஞ்சள் முனையின்மேல் ஏறி, பின்னால் சென்று, வலப்பக்கக் கண்ணிக்குள் வெளிவரும். இழுத்து இறுக்குங்கள்.

பின்னல் இவ்வளவுதான். இடம் வலம் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் எப்போதும் முன்னால் போகும், கறுப்பு எப்போதும் பின்னால் போகும். மஞ்சள் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த முடிச்சு தொடங்குகிறது. போன் வந்து எழுந்து போனாலும், மறுநாள் உட்கார்ந்தாலும், பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே விட்டோம் என்பது தெரிந்துவிடும்.

முடிச்சுகள் சேரச் சேர முன்பக்கம் நடுவில் மஞ்சளும் இரு விளிம்பிலும் கறுப்பும் வரும். திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பு, விளிம்பில் மஞ்சள். ஒரே பட்டையில் இரண்டு தோற்றம், எந்தப் பக்கத்தையும் வெளியே காட்டி அணியலாம். முன்பக்கத்தின் நடுவில் திடீரென்று கறுப்பு தலைகாட்டினால் அந்த முடிச்சில் நிறம் மாறிவிட்டது என்று பொருள். ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முறை தொடங்கினால் முடிச்சுகள் சுழன்று திருகலாகப் போகும். (வேண்டுமென்றே அப்படிப் பின்னினால் அழகான திருகுப் பட்டை கிடைக்கும். அதைச் சாவிக் கொத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் அது உறுத்தும்.)

இழுக்கும் பக்குவம்

முடிச்சைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் போதும். பட்டையை அழகாக்குவது இழுப்பு. இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில், ஒரே விசையில், பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களின் வலக்கை தன்னையறியாமல் கூடுதலாக இழுக்கும். அப்படித் தொடர்ந்தால் பட்டை ஒரு பக்கமாக வில்போல வளையும். வளையத் தொடங்கியதைக் கண்டால் பிரிக்க அவசரப்பட வேண்டாம். அடுத்த மூன்று நான்கு முடிச்சுகளில் மற்றக் கையைக் கவனித்து இழுத்தாலே பெரும்பாலும் நேராகிவிடும்.

பலத்தைக் காட்டியும் இழுக்காதீர்கள். கயிறு தாங்குகயிறுகளை அணைத்து நிற்கும் அளவு போதும். முழு பலத்தில் இறுக்கினால் பட்டை மரக்கட்டைபோல் விறைத்து மணிக்கட்டுக்கு வளையாமல் நிற்கும். முடிந்த பட்டையை இரு விரலால் வளைத்தால் முனகாமல் வளைய வேண்டும். ஐந்து முடிச்சுக்கு ஒருமுறை, பின்னிய பகுதியைக் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளி நெருக்குங்கள். நடுவில் தாங்குகயிறு இடைவெளியாகத் தெரிந்தால் பிறகு அங்கே அழுக்கு சேரும்.

17 செ.மீ. மணிக்கட்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 முடிச்சு வரும். பாதி தாண்டியதும் கிளிப்பைப் பூட்டிக் கையில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அளவை மாற்ற வேண்டுமென்றால் அதுதான் கடைசி வாய்ப்பு.

முடித்தல்

பெண்பகுதியை நெருங்கும்போது, இதற்கு மேல் ஒரு முடிச்சு நுழையாது என்று தோன்றும். பெரும்பாலும் இன்னும் ஒன்று நுழையும். பின்னலை மேலே தள்ளிவிட்டு, கோணி ஊசியின் காதில் கயிற்று முனையைக் கோர்த்து, அந்தக் கடைசி முடிச்சையும் போட்டுவிடுங்கள். அந்த முடிச்சு விட்டுப்போனால் கிளிப்புக்குப் பக்கத்தில் தாங்குகயிறு வெறுமையாகத் தெரியும், பட்டை நாளடைவில் அங்கேயே நெகிழும்.

மிஞ்சும் முனைகளை இரண்டு விதமாக முடிக்கலாம். பலரும் செய்வது: 3 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரில் உருக்கி, ஸ்பூனின் முதுகால் பக்கத்துக் கயிற்றோடு சேர்த்துத் தட்டையாக அழுத்துவது. வேகமான வழி. ஆனால் உருகி இறுகிய நைலான் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாகும், சரியாக அழுத்தாவிட்டால் மணிக்கட்டைக் கீறும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. முனையை ஊசியில் கோர்த்து, பட்டையின் உள்பக்கமாக இரண்டு மூன்று முடிச்சுகளுக்கு அடியில் நுழைத்து இழுத்து, அதன் பிறகு ஒட்ட வெட்டி, நுனியை மட்டும் லேசாகச் சுடுவது. கையில் எதுவும் தட்டுப்படாது. இழுவை வந்தாலும் முனை நழுவாது. ஐந்து நிமிடம் கூடுதலாகும், அதற்குத் தகும்.

வாட்ச் பட்டையாக மாற்றுவது

பிரேஸ்லெட் ஒன்றை முடித்த கைக்கு வாட்ச் பட்டை புதிய பாடம் அல்ல. முடிச்சு அதேதான். வாட்ச் இருக்கும் இடத்தில் கயிறு எப்படிக் கடக்கிறது என்பது மட்டுமே வேறு.

முதலில் வாட்சில் பட்டை மாட்டும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு கொம்புகளுக்கும் நடுவே உள்ள அகலத்தை அளக்க வேண்டும். 18, 20, 22 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள். 4 மி.மீ. கயிற்றில் பின்னிய பட்டை ஏறக்குறைய 20 மி.மீ. அகலம் வரும். எனவே 20, 22 மி.மீ. வாட்சுகளுக்குப் பொருந்தும். 18 மி.மீ. வாட்சுக்கு 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய கயிறு வாங்குங்கள். மெல்லிய கயிற்றில் முடிச்சுகள் கூடுதலாகும், பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

பழைய பட்டையைக் கழற்றியதும், கொம்புகளுக்கு இடையே ஸ்பிரிங் பார் என்ற மெல்லிய கம்பி நிற்கும். அதற்கும் வாட்சின் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் கயிறு நுழைய வேண்டும். முழுக்கயிறு அங்கே பெரும்பாலும் நுழையாது. அதனால் உள்ளிழைகளை உருவிவிடுங்கள். கயிற்றின் ஒரு முனையில் ஏழு இழைகளையும் பிடித்துக்கொண்டு, உறையைப் பின்னோக்கிச் சுருக்கிச் சுருக்கித் தள்ளினால் இழை மொத்தமும் வெளியே வந்துவிடும். மிஞ்சும் வெற்று உறை நாடாபோல் தட்டையாகும். கயிற்றின் பலம் வெகுவாகக் குறையும், ஆனாலும் ஒரு வாட்சைத் தாங்குவதற்கு அது மிகையான பலமே. தட்டையான பட்டை சட்டைக் கைக்குள் அடங்கும், வியர்வையும் சீக்கிரம் உலரும். உருவிய இழைகளைத் தூக்கி எறியாதீர்கள். பை, குடை, செருப்பு வார் தைக்க அதைவிட நல்ல நூல் கிடைக்காது.

முறை இதுதான். பெண்பகுதிக் கிளிப்பில் முன்போலவே மடித்து ஏற்றுங்கள். இரண்டு தாங்குகயிறுகளையும் ஒரு பக்க ஸ்பிரிங் பாருக்கும் வாட்சுக்கும் நடுவே இறக்கி, வாட்சின் அடிப்பக்கமாக ஓட்டி, மறுபக்க இடைவெளி வழியே மேலே எடுத்து, ஆண்பகுதிக் கிளிப்புக்குக் கொண்டு போங்கள். மொத்த நீளத்துக்கு மணிக்கட்டு அளவோடு 2 செ.மீ. கூட்டினால் போதும், ஏனென்றால் வாட்சின் அடியில் பின்னல் இல்லை. வாட்சை நடுவில் நிறுத்தி, இருபக்கமும் தாங்குகயிற்றில் தையல் நூலால் அடையாளக் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னும்போது அது நகராது.

ஆண்பகுதியிலிருந்து வாட்ச் வரை வழக்கம்போல் பின்னுங்கள். வாட்சை எட்டியதும் மஞ்சளையும் கறுப்பையும் தாங்குகயிறுகளின் இருபுறமும் படுக்கவைத்து, நான்கையும் முறுக்கில்லாமல் வாட்சின் அடியில் செலுத்தி மறுபக்கம் எடுங்கள். அங்கே மஞ்சள் எந்தப் பக்கம் வெளிவருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து பின்னலைத் தொடருங்கள். வாட்சை ஒட்டிய முதல் முடிச்சை மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாகப் போடுங்கள், வாட்சை இடத்தில் நிறுத்துவது அந்த முடிச்சுதான். கயிறு 2.5 மீட்டர் எடுத்தால் குறையாது.

இந்த ஒரே ஓட்டப் பட்டையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு ஸ்பிரிங் பார் தெறித்தாலும் வாட்ச் கீழே விழாது, அடுத்த கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு: இதயத் துடிப்பு அளக்கும் ஸ்மார்ட் வாட்ச். அதன் அடிப்பக்கத்து ஒளி உணரி தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும், கயிறு குறுக்கே ஓடினால் வேலை செய்யாது. அதற்குப் பட்டையை இரண்டு தனித் துண்டுகளாகப் பின்னுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்பிரிங் பாரே பெண்பகுதிக் கிளிப்பின் இடத்தில் நிற்கும்: கயிற்றை மடித்து அதில் ஏற்றி, முனைகளைக் கிளிப்பில் திருப்பி, வாட்சை நோக்கிப் பின்னி வருவது. இந்த முறையில் வாட்சின் முழுப் பாரமும் அந்த இரண்டு கம்பிகளையே நம்பியிருக்கிறது. பழைய கம்பிகளை மாட்டாமல், வாட்ச் கடையில் புதிதாக இரண்டு வாங்கிப் போடுங்கள்.

அணிபவர்கள் கவனத்துக்கு

நம் ஊர் வெயிலில் இந்தப் பட்டை வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசி, நிழலில் காயவையுங்கள். முழுப் பாராகார்டு உள்ளே உலர ஒரு நாள்கூட ஆகும். ஈரத்தோடு கட்டினால் தோல் அரிக்கும். வெயிலில் நாள்கணக்கில் போட்டுவைத்தால் நைலான் வெளுத்து வலுவிழக்கும்.

காட்டில் மாட்டிக்கொண்டால் பிரித்துக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். உண்மைதான், மூன்று மீட்டர்க் கயிறு கையில் இருக்கிறது: கூடாரம் கட்டலாம், அறுந்த செருப்பைக் கட்டலாம், உள்ளிழையைத் தூண்டில் நூலாக்கலாம். நீங்கள் இப்போது பின்னியதில் நடுவே ஓர் ஒட்டு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், பிரித்தால் ஒன்றரை மீட்டராக இரண்டு துண்டுகள் என்றே கணக்கு. எப்படியானாலும் 250 கிலோ தாங்கும் என்று நம்பி ஆள் தொங்கவோ, மலையேறவோ, ஊஞ்சல் கட்டவோ கூடாது. அந்த எண் நிதானமான நேர் இழுவைக்கு மட்டும். முடிச்சு விழுந்த கயிறு அவ்வளவு தாங்காது, திடீர்க் குலுக்கலில் இன்னும் குறைவாகவே தாங்கும்.

லேத், துளையிடும் மெஷின், பெல்ட் ஓடும் மோட்டார் இவற்றின் பக்கத்தில் நிற்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். சாதாரண நூல் கயிறானால் சிக்கினால் அறும். இது அறாது, கையை இழுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் கிளிப் போடச் சொல்வதும் இதனால்தான். பலமாக இழுபட்டால் கிளிப்பாவது உடைந்து விடுபட வாய்ப்பிருக்கிறது. எஃகு வளையம் பூட்டிய பட்டைகளில் அந்த வாய்ப்பும் இல்லை. அவை பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் பின்னிக் கொடுப்பதில்லை.

இரண்டு நிறத்தில் கை படிந்த பிறகு ஒரே நிறத்துக்குப் போகலாம். அப்போது ஒட்டும் இல்லாத முழுக் கயிறு கிடைக்கும். நிறம் வழிகாட்டாத இடத்தில் விளிம்பைப் பாருங்கள். கடைசியாக இறுக்கிய முடிச்சில், ஒரு பக்க விளிம்பில் ஒரு கயிறு இன்னொன்றின்மேல் ஏறி நிமிர்ந்த குமிழாக நிற்கும். அந்தக் குமிழுக்கு அடியிலிருந்து வெளிவரும் முனைதான் உங்கள் பழைய மஞ்சள். அதை எடுத்து முன்னால் குறுக்கே போடுங்கள்.